முப்பிடாதியம்மாளின் வறுமணல்

"இந்த மணலை எங்கே எடுத்தாள் என்று கேளுங்கள்" என்றார் தத்தா, ஆங்கிலத்தில்.

குழல்வாய்மொழி தமிழில் கேட்டாள். "யக்கா, இந்த மணலு எங்கன எடுத்ததுன்னு சார் கேக்காரு."

முப்பிடாதியம்மாள் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கருமணலுக்குள் கடலையைப் புரட்டிக்கொண்டே, "கடலை வேணும்னா வாங்கச் சொல்லு தாயி. மணலு விக்கதுக்கு இல்ல" என்றாள்.

"மணல் விற்பனைக்கு இல்லையாம்."

"வாங்க வரவில்லை என்று சொல்லுங்கள். எடுத்த இடம் தெரிந்தால் போதும்."

"வாங்க வரலையாம். எடம் மட்டும் தெரியணுமாம்."

"எடம் எதுக்காம்? அந்த ஊர்ல பொண்ணு எடுக்கப் போறாரா?"

கடையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமல் தத்தாவும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். குழல்வாய்மொழி அந்தக் கேள்வியைப் பாதியாக்கி, "காரணம் கேட்கிறாள்" என்றாள்.

தத்தா தோளில் தொங்கிய, கதிரியக்கம் அளக்கும் தகரப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். அது அடுப்பருகில் வந்ததிலிருந்து விடாமல் சடசடவென்று கத்திக்கொண்டிருந்தது. இந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது என்று அவர் நிதானமாக விளக்கினார். அது ஒரு பாஸ்பேட். செரியம், லாந்தனம் முதலான அரிய மண் தனிமங்கள் அதில் அடங்கியிருக்கின்றன. கூடவே கொஞ்சம் தோரியமும் உண்டு. பெட்டி கத்துவது அந்தத் தோரியத்தால்தான்.

பள்ளிக்கூடத்தில் இதில் ஒரு சொல்லையும் குழல்வாய்மொழி படித்ததில்லை. தெரிந்த மட்டும் சொன்னாள். "மோனசைட்டுன்னு ஒரு கல்லாம் யக்கா. பொடிப் பொடியா இந்த மணலுக்குள்ள கெடக்காம். ரொம்ப அபூர்வமாம்."

"அபூர்வம்னு சொல்ல கல்கத்தாவுலேருந்து ஆளு வரணுமாக்கும்? இந்த ரோட்டுல பதினொரு கடலக்கடை இருக்கு. எங்கடையில மட்டும் ஏன் கூட்டம் நிக்கின்னு அவருகிட்ட கேளு. மொதல்ல அந்தப் பொட்டிய அந்தால தள்ளி வைக்கச் சொல்லு. தவளை கத்துன மாதிரி கத்துது, பிள்ளைய பயப்படுதுவ."

"ஒத்துக்கொள்கிறாள்" என்றாள் குழல்வாய்மொழி. "பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்கிறாள்."

தத்தா பெட்டியைத் தள்ளி வைத்தார். "இது நாட்டுக்குத் தேவையான விஷயம் என்று சொல்லுங்கள்."

"நாட்டுக்காகவாம் யக்கா."

முப்பிடாதியம்மாள் அப்போதுதான் நிமிர்ந்தாள். முதலில் பார்த்தது தத்தாவை அல்ல, எதிர்க்கடை பிச்சுமணியை. அவர் தம் சட்டியில் கடலை கருகுவதுகூடத் தெரியாமல் காதை இந்தப் பக்கம் நீட்டியிருந்தார். அவருக்கும் கேட்கட்டும் என்பது போல அவள் உரக்கச் சொன்னாள்.

"இலத்தூர் ஓடை. குத்தாலிங்கம் வயலுக்கு மேக்க, ரெண்டாவது மடைக்குக் கீழ. எழுதிக்கிடச் சொல்லு."

தத்தா எழுதிக்கொண்டார். குத்தாலிங்கம் என்ற பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிச் சரிபார்த்தார். இரண்டு சுருள் கடலை வாங்கி, ஒன்றைக் குழல்வாய்மொழிக்குக் கொடுத்துவிட்டு, மற்றதைத் தின்றபடியே நடந்தார்.

இது 1957ஆம் வருடம் ஆடி மாதம், குற்றாலத்தில் பேரருவிக்குப் போகும் கடைத்தெருவில் நடந்தது. கல்கத்தாக்காரரான தத்தா மத்திய சர்க்காரின் கனிமம் தேடும் பிரிவொன்றில் அதிகாரி. மலையடிவாரத்து ஆறுகளைப் பரிசோதிக்க வந்தவர், அன்று ஞாயிற்றுக்கிழமையாதலால் குளிக்க வந்திருந்தார். பெட்டியைக் கேம்பில் வைத்துவிட்டு வர மனமில்லாமல் தூக்கி வந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். குழல்வாய்மொழி மேலகரத்துப் பெண். அப்பா வல்லிநாயகம் கோயில் அலுவலகத்தில் எழுத்தர். ஐந்தாம் வகுப்பு வரை தமிழிலும் பிறகு பாளையங்கோட்டை கான்வென்டில் ஆங்கிலத்திலும் படித்திருந்தாள். டைப்பும் தெரியும். வாயாடாத பெண் என்று ஊரில் பெயர். மொழிபெயர்க்கவும் டைப் அடிக்கவும் தத்தாவின் கேம்பில் அவளுக்குத் தற்காலிக வேலை கிடைத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

அன்று முப்பிடாதியம்மாள் பேசியதில் இலத்தூர் ஓடை என்ற கடைசி வரியைத் தவிர மற்றதெல்லாம் உண்மை. கடைசி வரி மட்டும் சர்க்கார் நோட்டில் ஏறியது.

முப்பிடாதியம்மாள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதற்கு அவளிடம் இரண்டு நியாயம் இருந்தது. பிச்சுமணி எட்டு வருடமாக அவளுடைய மணல் எங்கிருந்து வந்ததென்று துப்பறிந்துகொண்டிருந்தார். இலத்தூர் ஓடைக்குச் சாக்கோடு நடந்து போய், சாதாரண மணலைச் சுமந்து வந்து, கடலையைக் கருக்கட்டும் என்று நினைத்தாள். குத்தாலிங்கம் அவளுடைய கொழுந்தன். புருஷன் சொரிமுத்து காய்ச்சலில் செத்த வருடம், அண்ணன் பங்கான அரை ஏக்கரையும் சேர்த்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவன். அவன் வயலோரத்தில் நாலு பேர் நடந்து வரப்பை மிதித்தால் மிதிக்கட்டும் என்பது இரண்டாவது நியாயம். சர்க்கார் என்பது இவ்வளவு அக்கறையாக வந்து மிதிக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்த மணல் உண்மையில் அவளோடு வந்தது. முப்பிடாதியம்மாளின் பிறந்த ஊர் தெற்கே, மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் பக்கத்தில். அம்மாவும் கடலை வறுத்தவள். கடலோரத்தில் அலை அரித்து ஒதுக்கும் கருமணலைத்தான் அவர்கள் வறுக்கப் பயன்படுத்தினார்கள். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மகளைக் கட்டிக் கொடுக்கும்போது, உறைமோர் கொடுத்து அனுப்புவது போல, தாய் வறுத்த சட்டியிலிருந்து நாலு படி மணலும் சீரோடு போகும். பதினேழு வயதில் மேலகரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, குத்துவிளக்கு, பித்தளைக் குடம் இவற்றோடு அந்த மண்பானையும் மாட்டுவண்டியில் வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பானைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு வீட்டுல மண்ண அள்ளிப் போட்டு அனுப்பிருக்காவ" என்று ஒரு மாதம் சிரித்தார்கள்.

ஆனால் சட்டி சூடேறியதும் சிரிப்பு நின்றது. ஆற்று மணல் சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். கடலையின் தோல் கருகி உள்ளே பச்சையாக நிற்கும். இந்த மணலோ கனமானது. ஒரு படியைத் தூக்கினால் இரண்டு படி தூக்கிய மாதிரி இருக்கும். சூடேற அரைமணி நேரம் ஆகும். ஏறிவிட்டால் சூடு அதிலேயே நிற்கும். கடலை கருகாமல், வேகாமலும் போகாமல், உள்ளே பருப்பு பொன்னிறத்தில் மொறுமொறுவென்று வரும். வெயிலில் பார்த்தால் கறுப்புக்கு நடுவே தேன் நிறத்தில் சின்னச் சின்ன மணிகள் மினுங்கும். சிறப்பெல்லாம் அந்தத் தேன்மணியில்தான் என்று அவள் நினைத்தாள். தத்தாவும் அதைத்தான் நினைத்தார். இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

சொரிமுத்து போன பிறகு அந்த மணல்தான் அவளுக்குச் சொத்து. பிள்ளை இல்லை. நிலம் இல்லை. ஆனி முதல் ஆவணி வரை குற்றாலம், மற்ற மாதங்களில் தென்காசிக் கோயில் வாசல், திருவிழாக்கள். வருடத்துக்கு ஒரு முறை, சித்திரையில், மணலைச் சிற்றாற்றுத் தண்ணீரில் அலசிப் பாறையில் காய வைப்பாள். காயும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். சுருளில் ஒட்டிக்கொண்டு மணல் போய்விடக் கூடாதென்று கடலையை இரண்டு முறை சலிப்பாள். இருந்தும் இருபத்தைந்து வருடத்தில் நாலு படி மூன்றரையாகிவிட்டதென்று அவளுக்குக் கவலை.

பேச்சு நடந்த எட்டாம் நாள் ஜீப் வந்தது.

"அணுசக்திச் சட்டத்தின்படி இந்த மணல் சர்க்காருக்குச் சொந்தம். பரிசோதனைக்காக எடுத்துக்கொள்கிறோம்" என்றார் தத்தா.

"பரீட்சைக்கு எடுத்துட்டுப் போறாங்களாம் யக்கா."

"எவ்வளவு?"

"எல்லாமே."

சூடாக இருந்த மணலை ஆறவைக்க ஒரு மணி நேரம் ஆனது. சர்க்கார் அதுவரை காத்திருந்தது. மூன்றரைப் படியையும் அலுமினியப் பெட்டியில் கொட்டி, அரக்கு வைத்து முத்திரை இட்டார்கள். குழல்வாய்மொழி டைப் அடித்துக் கொண்டுவந்திருந்த ரசீதில் முப்பிடாதியம்மாள் கையெழுத்துப் போட்டாள்.

"எப்பத் திரும்ப வரும்?"

குழல்வாய்மொழி கேட்டுச் சொன்னாள். "ஆராய்ச்சி முடிஞ்சதும் தருவாவளாம்."

"ஆடி முடியதுக்குள்ள முடிஞ்சிருமா?"

இதைக் குழல்வாய்மொழி கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தத்தாவுக்கு ஆடி எதுவென்று தெரிந்திருக்காது.

மறுநாள் முப்பிடாதியம்மாள் சிற்றாற்று மணலைச் சட்டியில் போட்டு வறுத்தாள். கடலை கருகியது. தீயைக் குறைத்தாள். பச்சையாக நின்றது. மூன்றாம் நாள், "என்ன ஆச்சி, கைப்பக்குவம் போயிட்டு?" என்று கேட்டுவிட்டு மதுரைக்காரர் ஒருவர் சுருளைத் திருப்பிக் கொடுத்தார். அவளைக் கிழவியைப் போல ஆச்சி என்று ஒருவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கருகிய கடலையைவிட அது அதிகம் சுட்டது.

இதற்குள் கடைத்தெருவில் செய்தி பரவியிருந்தது. கடலை வறுக்கிற மணலில் அணுகுண்டு செய்கிற சரக்கு இருக்கிறதாம், டெல்லியிலிருந்து வந்து பார்த்தார்களாம். பிச்சுமணிதான் முதலில் பலகை எழுதி வைத்தார்: "அசல் அணுக்கடலை இங்கு கிடைக்கும்." ஒரே வாரத்தில் பத்துக் கடையிலும் பலகை தொங்கியது. அருவியில் குளித்து நடுங்கி வந்தவர்கள் அணுக்கடலை தின்றதும் உடம்பில் சூடு பரவுகிறதென்று சொன்னார்கள். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று ஒரு வைத்தியர் சொன்னதாகக் கேள்வி. அந்தப் பத்துக் கடையிலும் இருந்தது சாதாரண ஆற்று மணல். அணு இருந்த ஒரே கடையில் பலகையும் இல்லை, கூட்டமும் இல்லை.

"நீயும் ஒரு பலகை வையேன் முப்பிடாதி" என்றார் பிச்சுமணி, இரக்கத்தோடு.

"ஒம்ம சட்டியில என்னவே அணு இருக்கு?"

"சனங்க இருக்குங்காவ. நான் இல்லைன்னு சொல்லி அவுக மனச நோகடிக்கணுமா?"

கேம்ப் ஐந்தருவி ரோட்டில் ஒரு வாடகைப் பங்களாவில் இருந்தது. முப்பிடாதியம்மாள் மாதம் ஒரு முறை, அமாவாசைக்கு மறுநாள், அங்கே போனாள். ஒவ்வொரு முறையும் வராந்தாவில் வைத்துக் குழல்வாய்மொழி அவளுக்காக ஒரு மனு எழுதினாள். "ஐயா, என் பிழைப்புக்கு ஆதாரமான மணலைத் திருப்பித் தர வேண்டுகிறேன்" என்று ஆங்கிலத்தில் டைப் அடித்து, கையெழுத்து வாங்கி, உள்ளே போய்த் தன் மேசையிலேயே வைத்து, அதற்கு வரிசை எண் போட்டு, தத்தாவிடம் காட்டி, பிறகு அதே மெஷினில் அதற்குப் பதிலும் டைப் அடித்தாள். "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது." வெளியே வந்து அதைத் தமிழில் படித்துக் காட்டுவாள்.

நாலாவது மனுவுக்குக் கொஞ்சம் நீண்ட பதில் வந்தது. அந்தப் பொருளை வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பவர் தம்மிடம் எவ்வளவு இருக்கிறதென்று தெரிவிக்க வேண்டும். தங்களிடம் தற்போது எதுவும் இல்லாததால் தங்களுக்கு லைசென்ஸ் தேவைப்படாது.

"அப்படின்னா?" என்றாள் முப்பிடாதியம்மாள்.

"மணலு இருந்தாத்தான் லைசென்ஸ் தருவாவ. லைசென்ஸ் இருந்தாத்தான் மணலு தருவாவ."

"நல்லாத்தான் எழுதிருக்கான்" என்றாள் முப்பிடாதியம்மாள். "இத நீயா தாயி டைப் அடிச்ச?"

குழல்வாய்மொழி காகிதத்தை நாலாக மடித்துக் கொடுத்தாள்.

இலத்தூரில் வேலை மும்முரமாக நடந்தது. குத்தாலிங்கத்தின் வயலை ஒட்டி முதல் குழி வெட்டிய அன்று அவன் கோபத்தோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தான். விஷயம் தெரிந்ததும் மண்வெட்டியைக் கூலியாளிடமே கொடுத்துவிட்டு, "இங்கன வெட்டுங்க, ஆழமா வெட்டுங்க" என்று இடம் காட்டினான். ஒரு மாதத்தில் அவனுக்கு அணு அண்ணாச்சி என்று பெயர் வந்துவிட்டது. டீக்கடையில் அவனுக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். குற்றாலத்துக்கு வந்து அண்ணன் பெண்டாட்டியின் கடைமுன் நின்றான்.

"மதினி, நம்ம ஓடையில மணலு எடுத்தேன்னு சொன்னீயளாமே. அந்த ஓடை எம்பாத்தியதை. இனிம கேக்காம எடுக்கப்பிடாது, ஆமா."

"சரி கொழுந்தா. இனிம எடுக்கல" என்றாள் முப்பிடாதியம்மாள்.

அவ்வளவு எளிதாக அவள் தன்னிடம் தோற்றதில்லையே என்று அவனுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இரண்டு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அந்த ஓடையில் மோனசைட் அறவே இல்லையென்றால் தத்தா ஒரு மாதத்தில் மூட்டை கட்டியிருப்பார். ஆனால் மலையிலிருந்து வரும் எந்த ஓடை மணலிலும் ஓரிரண்டு மணி இருக்கத்தான் செய்யும். இலத்தூரிலும் இருந்தது. வண்டி மணலை அலசினால் சிட்டிகை அளவு தேறும். பெட்டி எப்போதாவது ஒரு முறை, தூக்கத்தில் பேசுவது போல, டிக் என்னும். அந்தக் கிழவியின் சட்டியில் அப்படிக் கத்தியதென்றால் தாய்ப்படிவு இன்னும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று தத்தா அடுத்த குழியைக் குறிப்பார். முப்பிடாதியம்மாளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ரிப்போர்ட்டில் அவள் வயோதிகப் பெண் என்று இருந்தது. அதையும் குழல்வாய்மொழிதான் டைப் அடித்தாள்.

அடுத்த வருடம் ஐப்பசியில், மனு எழுதிக்கொண்டிருந்தபோது, முப்பிடாதியம்மாள் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். பதினான்காவது மனு அது. ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்ப எழுதுகிறாளே என்ற பரிதாபத்தில் சொன்னாள் போலிருக்கிறது.

"அப்ப இலத்தூர்ல நீங்க எடுக்கவே இல்லையா?"

"இலத்தூருக்கு நான் போயே ஒம்போது வருஷமாச்சு."

"யக்கா, இத சார்கிட்ட சொன்னா தோண்டுறத நிறுத்திருவாவ. மணலும் வந்தாலும் வரும்."

"கோட்டி மாதிரிப் பேசாத. திருவாங்கூர் ராசா அந்த மணல வெளிய விடப்பிடாதுன்னு சட்டம் போட்டாச்சுன்னு எங்கண்ணன் அப்பவே கடுதாசி போட்டான். எல்லைச் சௌக்கையில பிடிச்சா உள்ளதான்."

"ராஜா போயி எத்தன வருஷமாச்சு. இப்ப அதுவும் நம்ம மெட்ராஸ் ராஜ்யம்தான்."

"ராசா போனா சௌக்கைக்காரனுமா போயிருவான்?"

சட்டம் இன்னும் இருக்கிறது, முன்னைவிட இறுக்கமாக இருக்கிறது என்று குழல்வாய்மொழிக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த அன்று கேம்பின் ரகசியங்களை வெளியாரிடம் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். வெளியாரின் ரகசியங்களைக் கேம்பிடம் சொல்லியாக வேண்டும் என்று அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லை. அவள் அதை எடுத்து இன்னொரு முறை படித்துப் பார்த்துவிட்டு, பதினான்காவது மனுவை டைப் அடித்தாள்.

முப்பிடாதியம்மாளின் மனதை மாற்றியது சட்டமல்ல, குத்தாலிங்கத்தின் பெண்டாட்டி மாடத்தி. 1959 மாசியில் ஒரு காலையில் அவள் மேலகரத்துக்கு நடந்தே வந்தாள். கையில் வெறும் நார்ப்பெட்டி இருந்தது.

"ரெண்டு பிசானம் நெல்லு வெதைக்கல மதினி. டெல்லிக்காரன் வயல வாங்கிக்கிடுவான், எதுக்கு உழுகணும்னு டீக்கடையிலயே கெடக்காரு. வயலெல்லாம் குழி. கன்னுக்குட்டி குழியில விழுந்து கால ஒடிச்சுக்கிட்டு. ஒரு மரக்கா அரிசி இருந்தாக் குடுங்க. அவருகிட்ட சொல்லிராதீய."

முப்பிடாதியம்மாள் அரிசியைக் கொடுத்தாள். குத்தாலிங்கத்துக்கு என்று எண்ணி அனுப்பிய வினை மாடத்தியின் நார்ப்பெட்டியில் போய் விழுந்திருப்பதை அப்போதுதான் பார்த்தாள். அன்றே ஐந்தருவி ரோட்டுக்குப் புறப்பட்டாள்.

தத்தா சந்தோஷமாக இருந்தார். நூற்றுப் பன்னிரண்டு பக்க ரிப்போர்ட் மூன்று நகலோடு முந்தின வாரம்தான் டெல்லிக்குப் போயிருந்தது. முப்பிடாதியம்மாளுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சொல்லு தாயி. ஒண்ணு விடாமச் சொல்லு."

குழல்வாய்மொழி சொன்னாள். மணவாளக்குறிச்சி, தாய், சீர், மண்பானை, பிச்சுமணி, கொழுந்தன், எல்லாம். இந்த முறை எதையும் விழுங்கவில்லை.

தத்தா கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, "இது வேறு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"யாருக்கும் தெரியாது" என்றாள் குழல்வாய்மொழி.

"அவளுக்கு ஞாபகம் தவறியிருக்கலாம் என்று சொல்லுங்கள்."

"எங்கம்மா குடுத்தது எனக்கு மறக்குமா?"

தத்தா எழுந்து ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. மெதுவாக, ஒரு குழந்தைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னார். மணல் மணவாளக்குறிச்சியுடையது என்றால், லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தது குற்றம். போலீஸுக்கு எழுத வேண்டும், மணலைத் திருப்பித் தரக் கூடாது. இலத்தூருடையது என்றால், ரிப்போர்ட்டுக்கு இருக்கிற ஒரே பலமான ஆதாரம் அந்த மூன்றரைப் படிதான். அதைத் திருப்பித் தர முடியாது. நான்காம் பக்கத்தில் அவளுக்கு நன்றி தெரிவித்திருக்கிறது. "எது வேண்டும் என்று அவளையே கேளுங்கள்."

குழல்வாய்மொழி அப்படியே தமிழில் சொன்னாள். மென்மையாக்கச் சொல் தேடினாள். கிடைக்கவில்லை.

முப்பிடாதியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். "இப்ப எங்கன இருக்கு எம்மணலு?"

"டெல்லியிலயாம். கண்ணாடிச் சாடியில போட்டு, இலத்தூர்னு சீட்டு ஒட்டி, அலமாரியில வச்சிருக்காவளாம்."

"கண்ணாடிச் சாடியிலயா?" அவள் குரலில் அப்போதுதான் கோபம் வந்தது. "சுட வைக்காமச் சும்மா வச்சிருந்தா அதுக்கு நமுப்பு ஏறிராதா? இவ்வளவு படிச்சிருக்கானுவ, ஒரு மணல வச்சிக்கிடத் தெரியலையே ஏட்டி!"

தத்தா ஆவலோடு குழல்வாய்மொழியைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"மணலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறாள்" என்றாள் அவள்.

மூன்று மாதத்தில் கேம்ப் கலைந்தது. இலத்தூர்ப் படிவு உண்டு, ஆனால் எடுத்தால் கட்டுபடியாகாது என்று மேலிடம் முடிவு கட்டியது. குத்தாலிங்கம் நாற்பத்து மூன்று குழிகளையும் தானே மூடி, அடுத்த பிசானத்துக்கு உழுதான். ரஷ்யாக்காரனுக்குத் தெரியக் கூடாதென்றுதான் டெல்லி இல்லையென்று சொல்லிவிட்டது என்று கடைசி வரை டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தான். அதை நம்பவும் ஆள் இருந்தது.

முப்பிடாதியம்மாள் கடலை வறுப்பதை விடவில்லை. தேனருவிப் பக்கத்து மணல், புளியரை ஓடை மணல், செங்கோட்டையில் கிடைத்த ஒரு செம்மணல் என்று ஒவ்வொன்றாகச் சலித்துக் கலந்து பார்த்தாள். முன்னைப் போல் வரவில்லை. ஆனால் கருகுவது நின்றது. பதினொரு கடையில் முதல் கடையாக இருந்தவள் ஐந்தாவது, ஆறாவதாக நின்றாள். அணுக்கடலைப் பலகை மட்டும் அவள் கடைசி வரை வைக்கவில்லை. கேட்பவர்களிடம், "அது எதிர்க்கடையில கெடைக்கும்" என்று கை காட்டுவாள். ஐந்தாறு வருடத்தில் அந்தப் பலகைகளும் சாரலில் எழுத்தழிந்துபோயின.

குழல்வாய்மொழி ஆசிரியப் பயிற்சி முடித்தாள். 1963 ஆனியில் நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் நடத்த வேலை கிடைத்தது. புறப்படுகிற அன்று காலையில், தென்காசி பஸ் நிலையத்தில், முப்பிடாதியம்மாள் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றாள். சீசன் தொடங்கிவிட்ட நாளில் கடையை விட்டு வந்திருந்தாள். கையில் புதிதாக வாங்கிய நாலடுக்கு டிபன் காரியர். மேலடுக்கில் மட்டும் கடலை இருந்தது. மற்ற மூன்றும் காலி.

"வழியில தின்னுக்கோ" என்று அதைக் குழல்வாய்மொழியின் மடியில் வைத்தாள். பஸ்ஸுக்குள் இருந்த யாருக்கும் கேட்காதபடி ஜன்னல் கம்பிக்கு நெருங்கி வந்தாள். மனு எழுதச் சொன்ன இரண்டு வருடத்தில் ஒரு நாளும் அவள் அவ்வளவு தாழ்ந்த குரலில் பேசியதில்லை.

"நாகர்கோயில்லருந்து மணவாளக்குறிச்சிக்கு அடிக்கொரு பஸ்ஸு உண்டாம், விசாரிச்சிட்டேன். எங்கண்ணன் இப்ப இல்ல. வேற யாருகிட்டயும் கேக்க முடியாது. பூஜா லீவுக்கு வருவேல்லா, அன்னைக்கு காலையில கடக்கரைக்குப் போயி, அலை ஒதுக்கி வச்சிருக்க கருப்பு மணலா, தேன்மணி மினுங்குதான்னு பாத்து, இந்தக் கீழ் மூணு அடுக்குலயும் அழுத்தி ரொப்பிட்டு வா தாயி. மேலடுக்குல தயிர்சோறு வச்சுக்கோ. இங்கிலீஷு டீச்சரோட சோத்த எவன் கெளறிப் பாப்பான்?"